நில்ஸாவின் கீரைக்குழி

என் ஓரகத்தி நில்ஸாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் மரக் கதையைத்தான் சொல்வார்கள். நானும் அதிலேயே தொடங்கிவிடுகிறேன். அவள் சாங்தாங் மேட்டுவெளியில் கறுப்புக் கூடாரத்தில் பிறந்து, ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவள். பத்தொன்பது வயதில் என் கொழுந்தன் பல்டனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது, அதுவரை ஒரு மரத்தைக்கூடக் கிட்டே நின்று பார்த்திராதவள். வாசலில் நின்ற ஆப்ரிகாட் மரத்தைத் தொட்டுப் பார்த்தாள், அண்ணாந்து பார்த்தாள், பிறகு என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டாள்.

"அக்கா, குளிர்காலத்துக்கு இதுங்க எங்க போகும்?"

அவள் பிறந்த இடத்தில் குளிர் வந்தால் கூடாரம் போகும், ஆடு போகும், மனிதர்களும் போவார்கள். மரமும் போகும் என்று நினைத்தவளை என்ன சொல்வது. ஆனால் நான் அன்றைக்கு அப்படி யோசிக்கவில்லை. கல்யாணக் கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிச் சிரித்தேன். துண்டுப் என்று ஒரு மாமா, ஊருக்கு ஏர் ஓட்டுகிறவர், "லே டவுன் வரைக்கும் பஸ்ல போயிட்டு வரும்மா, டிக்கெட்டு நாங்க எடுத்துக் குடுப்போம்" என்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நில்ஸாவும் சிரித்தாள். கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவது அவள் சுபாவம். எனக்கு அது பிடிக்காது. திருப்பி ஒரு வார்த்தை சொன்னால்தானே எனக்கும் அடுத்த வார்த்தை வரும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். பெரிய வீட்டு மருமகள் நான், சோரோல். அவளும் பல்டனும் வயலுக்கு அந்தப் பக்கம் சின்ன வீட்டில் இருந்தார்கள்.

எங்கள் ஊரில் குளிர் இறங்கினால் மண் வாயை மூடிக்கொள்ளும். மண்ணுக்கு உள்ளே இருக்கிற தெய்வங்களும் தூங்கிவிடும். அதன் பிறகு யாரும் மண்வெட்டியைத் தொட மாட்டோம். ஏப்ரலில் ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்ததும் பூஜை போட்டு, முதல் சால் ஓட்டி, மண்ணின் வாயைத் திறப்போம். அந்த நாள்தான் சாகா. முதல் சாலில் முதல் விதை போடுவது எங்கள் பெரிய வீட்டுப் பெண்ணின் உரிமை. மாமியார் கையிலிருந்து விதைக்கூடை என் கைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. எனக்குப் படிப்பில்லை. பாட்டு வராது. முகலட்சணமும் சுமார்தான். ஆனால் வருஷத்தில் அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் ஊரே என் கையைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்கும்.

நில்ஸாவும் நிற்பாள். பல்டனுக்கு அருகில், உள்ளங்கையைப் பாதி விரித்தபடி. வந்த மூன்றாவது வருஷம் துணிந்து கேட்டுவிட்டாள்.

"நான் ஒரு பிடி போடட்டுமாக்கா?"

"ஆட்டு மயிரு பிடிச்ச கை அது. அந்தக் கையில விழுந்தா விதை முளைக்குமா, இல்ல கத்துமா?" என்றேன்.

ஊர் சிரித்தது. அவளும் சிரித்தாள். விரித்த கையை மட்டும் மெல்ல மூடி, அங்கியின் கைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பல வருஷம் அவள் கேட்கவே இல்லை. கேட்காவிட்டால் ஆசை போய்விட்டதென்று நினைத்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பார்லி அறுத்துப் போரடித்து முடித்த சமயம், சின்ன வீட்டுக்குப் பின்னால் அவள் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பளவு ஆழம், இரண்டு கட்டில் நீளம். உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் புதைத்து வைக்கிற குழி எல்லா வீட்டிலும் உண்டு. இது அதைவிடப் பெரிது. போய் நின்று பார்த்தேன். துண்டுப் மாமாவும் வந்து நின்றார்.

"எத்தன மூட்ட உருளைக்கிழங்கு போடப் போற? கல்யாணமா காதுகுத்தா?"

"கிழங்கு இல்லக்கா. இது குட்டிக்குழி."

அவர்கள் ஊரில் தை மாசக் குளிரில் ஆடு குட்டி போட்டால், நிலத்தில் குழி தோண்டி, குட்டிகளை உள்ளே இறக்கி, மேலே கம்பளியும் கல்லும் போட்டு மூடிவிடுவார்களாம். பகலில் வெயில் வந்ததும் திறந்து தாயிடம் விடுவார்களாம். மேலே காற்று ஆளைக் கொன்றாலும் குழிக்குள் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெதுவெதுப்பாகத் தூங்குமாம். சொல்லும்போதே அவள் கண் எங்கோ போய்விட்டது.

"குட்டிங்களக் காப்பாத்துற மண்ணு கீரையக் காப்பாத்தாதா?" என்றாள்.

"மண்ணு வாய மூடப்போகுது. இப்பப் போய் விதைக்கிறேங்கிற. தெய்வக் குத்தம் உன்னச் சும்மா விடாது."

"வாய மூடிட்டுத் தூங்குற குட்டியும் மூச்சு விடும்தானே அக்கா."

முதல் தடவையாகத் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அதுவும் துண்டுப் மாமாவின் எதிரில். எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிவிட்டேன்.

"மண்ணு வாய் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தட்டு நிறையப் பச்சக் கீரை என் முன்னால கொண்டுவந்து வை. விதைக்கூடைய உன் கையிலயே குடுத்துடறேன்."

"சாட்சிக்கு நான் இருக்கேன்" என்றார் துண்டுப் மாமா. அந்த மனுஷனுக்கு எதில்தான் வேலை இல்லை.

நில்ஸா அன்றைக்குச் சிரிக்கவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை அங்கியில் துடைத்துக்கொண்டாள்.

குழியின் வடக்குச் சுவருக்குக் கல் அடுக்கி அடுப்புக்கரி பூசினாள். வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளுமாம். மேலே பாப்ளர் மரக் கழிகளைச் சாய்வாக வரிசை போட்டு, தெற்குப் பார்த்தபடி பாலிதீன் தாளை இழுத்துக் கட்டினாள். இறங்கி ஏறுவதற்கு ஒரு மூலையில் சின்னக் கதவு. உள்ளே பாத்தி கட்டிக் கீரை விதைத்தாள். இரவில் மூட லே சந்தையிலிருந்து பழைய பாராசூட் துணி வாங்கி வந்தார் பல்டன். அதன் மேல் போட, அவள் கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த யாக் மயிர்க் கம்பளி. "சீதனக் கம்பளியக் கீரைக்குப் போத்துறாடி" என்று நான் கிணற்றடியில் சொல்லிச் சிரித்தேன்.

மழுங்கலான வெயிலில் கீரை என்ன வேகத்தில் வளரும்? லோசார் வந்தது, புது வருஷம் பிறந்தது, கீரை இரண்டு விரல்தான் இருந்தது. ஜனவரியில் மூன்று விரல். "இன்னும் இருபது நாள் அக்கா" என்பாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம். நான் காதில் விழாத மாதிரி போவேன்.

அப்போதுதான் சாங்தாங்கிலிருந்து சேதி வந்தது. நில்ஸாவின் அம்மா பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, படுத்த படுக்கையாக இருக்கிறாள். அவளும் பல்டனும் அன்றே புறப்பட வேண்டும். ஐந்து நாளாவது ஆகும். குழியை யாரிடம் விடுவது? வயலைத் தாண்டினால் என் வீடு ஒன்றுதான்.

அவள் என் வாசலில் வந்து நின்றாள். நான் உள்ளே கூப்பிட்டு உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"காலையில வெயிலு குழிமேல விழுந்ததும் போர்வைய எடுத்துடுங்க. மத்தியானம் வெதுவெதுன்னு கொஞ்சம் தண்ணி. குழிக்குப் பக்கத்துல ஒரு கல்லுக்குச் செம்மண் பூசி வச்சிருக்கேன். மலை நிழல் அந்தக் கல்லத் தொட்டதும் மூடிடணும். அதுக்கப்புறம் ஒரு நொடியும் திறந்திருக்கக் கூடாதுக்கா."

"எனக்கா சொல்லிக் குடுக்கற? போய் அம்மாவப் பாரு" என்றேன்.

தோற்றால் விதைக்கூடை போகிற ஆளிடமே கீரையை ஒப்படைத்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

முதல் நாள் போர்வையை எடுத்துவிட்டுக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளியே மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். உள்ளே ஈர மண் வாசனை. ஜனவரியில் அந்த வாசனையை நான் பிறந்ததிலிருந்து முகர்ந்ததில்லை. கால் தானாக இறங்கிவிட்டது. பாலிதீன் தாளில் வேர்த்த நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பால் போல வந்து கீரை மேல் படிந்து, பச்சையாகித் திரும்பி என் கைமேல் விழுந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கை மாதிரியே இல்லை. கரிச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன். கண் சொக்கியது.

தூக்கமா விழிப்பா என்று தெரியாத நிலை அது. என் காலருகே குட்டிகள் படுத்திருந்த மாதிரி இருந்தது. அவை மூச்சு விடும் சத்தம் கேட்டது. மேலே எங்கேயோ காற்று கூடாரத்தை அடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு சின்னப் பெண் கம்பளியை விலக்கி உள்ளே பார்த்து, எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு மறுபடி மூடினாள். அவள் எண்ணியதில் நானும் ஒருத்தி. கண் விழித்தபோது நீர்ச்சொட்டு என் கன்னத்தில் விழுந்திருந்தது. இன்னொருத்தியின் கனவுக்குள் போய்ப் படுத்துவிட்டு வந்த மாதிரி வெட்கமாக இருந்தது.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாள் வீட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர், "கீரைக்குப் பாலு குடுக்கப் போறியா?" என்றார். உள்ளே உட்கார்ந்து கீரையிடம் பேசவும் தொடங்கிவிட்டேன். பேசுகிறதென்றால், திட்டுவதுதான். "என் கூடையப் பிடுங்கறதுக்குத்தானே இப்படி வளர்றீங்க, களவாணிங்களா" என்பேன். ஆனாலும் சாயங்காலம் நிழல் கல்லைத் தொடுவதற்கு முன்பே போய் நின்று, துணியைப் போர்த்தி, கம்பளியை இழுத்து, ஓரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் வருவேன்.

ஐந்தாம் நாள், எங்கள் புத்த மடமான கோம்பாவில் திருவிழாவின் கடைசி நாள். காலையில் போர்வையை எடுத்தபோது பார்த்தேன். கீரை நாலு விரலாகியிருந்தது. ஒரு தட்டு நிறைய வந்துவிடும். அப்படியென்றால் கூடை போய்விடும்.

கோம்பா எங்கள் ஊர் மலைமுனையில் இருக்கிறது. முற்றத்தில் முகமூடி ஆட்டம் நடக்கும். பெண்கள் மொட்டைமாடியில் நின்று பார்ப்போம். அங்கிருந்து ஊர் முழுக்கத் தெரியும். பனி மூடிய வயல்களுக்கு நடுவே, செம்மண் பூசிய அந்தக் கல் ஒரு பொட்டு மாதிரி தெரிந்தது. கொம்பு ஊதினார்கள். தாளம் மெதுவாக விழுந்தது. ஆடுகிறவர்களின் பட்டு அங்கி சுழன்று சுழன்று வந்தது. மலை நிழல் ஒவ்வொரு வயலாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நான் ஆட்டத்தைப் பார்த்ததாகத்தான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

நிழல் கல்லைத் தொட்டது. பார்த்தேன். கல் மறைந்தது. அதையும் பார்த்தேன்.

யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆட்டம் பார்த்ததில் மறந்துவிட்டேன் என்றால் யார் மறுப்பார்கள்? ஏப்ரலில் கூடை என் இடுப்பில்தான் இருக்கும். போகட்டும், ஒரு கீரைதானே. இப்படியெல்லாம் நினைத்தேன். மறதி என்று பொய் சொல்ல எனக்கு இப்போது மனசில்லை. நான் மறக்கவில்லை.

ஆட்டத்தின் முடிவில் மாவால் பிடித்த பொம்மையை நடுவில் வைத்து வெட்டுவார்கள். மனசுக்குள் இருக்கிற பகை அது, வெளியில் இருக்கிற எதிரி அல்ல என்று சின்ன வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வருஷா வருஷம் பார்க்கிறேன். யாரோ ஒருவருடைய பகை என்றுதான் இதுவரை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மான் முகமூடிக்காரர் குனிந்து கத்தியை இறக்கியபோது, பொம்மையின் முகம் என் முகமாகத் தெரிந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

பாதையில் போனால் சுற்று. வயல் வழியாக ஓடினேன். ஐம்பத்தோரு வயதில் ஓடுகிற ஓட்டமா அது. பனி முழங்கால் வரை உள்வாங்கியது. நடுவில் ஒரு கால் ஷூ சிக்கிக்கொண்டு கழன்றுவிட்டது. நிற்கவில்லை. குழியை அடைந்தபோது பாலிதீன் தாள் தகடு மாதிரி விறைத்திருந்தது. துணியைப் போட்டேன், கம்பளியைப் போட்டேன், என் மேலங்கியையும் கழற்றி மேலே போட்டேன். வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். போர்வையை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்தேன். கீரை எல்லாம் கண்ணாடி மாதிரி விறைத்து, கருத்து நின்றது. போர்வையை எடுத்து வெயில் காட்டி, வெந்நீரும் ஊற்றினால் பிழைத்துவிடும் என்று நினைத்தேன். மலைக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்த நேரம்.

"அக்கா, அந்தத் தண்ணியக் கீழ வைங்க."

நில்ஸா வயல் வழியாக வந்துகொண்டிருந்தாள். தோளில் மூட்டை. பல்டன் ரோட்டில் வண்டிக்காரரோடு நின்றிருந்தார்.

"கம்பளிய விடுங்க. மூடுங்க. வெயிலே படக்கூடாது."

"வெயிலு பட்டாத்தானேடி உருகும்?"

"உருகும். உசுரும் கூடவே உருகிப் போயிடும். விறைச்ச குட்டிய அடுப்புக்கிட்ட வச்சா செத்துடும்க்கா. இருட்டுல, மெதுவா, தானாத்தான் திரும்பி வரணும். தொடவும் கூடாது."

கம்பளியை இழுத்து ஓரங்களைச் சரிசெய்தாள். அதன் பக்கத்திலேயே பனியில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். எனக்கும் இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

"ஆட்டம் முடிய நேரமாயிடுச்சு" என்றேன். "கவனிக்கல."

"ம்" என்றாள்.

"அம்மா?"

"எழுந்து உக்காந்துட்டாங்க. எங்கள அதட்டுறாங்க, அப்ப நல்லாயிட்டாங்கன்னு அர்த்தம்." மூட்டையைத் துழாவி, நூலில் கோத்த உலர்ந்த பாலாடைக் கட்டிகளை எடுத்து என் மடியில் வைத்தாள். "உங்களுக்குன்னு அம்மா குடுத்துவிட்டாங்க. அஞ்சு நாளும் பாத்துக்கிட்டதுக்கு."

மடியில் நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். கல் மாதிரி இருந்தது. வெயில் ஏறியது. உள்ளே இருட்டில் கீரை என்ன செய்துகொண்டிருந்ததோ, எங்களுக்குத் தெரியாது. எங்கோ ஒரு கழுதை கத்தியது. நில்ஸா கண்ணை மூடிக்கொண்டு, கம்பளி மேல் கையை வைத்திருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, என் நிழல் சுருங்கி என் காலுக்குக் கீழே வந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் போர்வையைத் திறந்தாள். ஓரத்தில் இருந்தவை கூழாகிக் கிடந்தன. நடுப்பாத்தியில் இருந்தவை தொய்ந்து படுத்திருந்தன. ஆனால் கறுப்பு போய்ப் பச்சை திரும்பியிருந்தது. மறுநாள் அவற்றில் பாதி எழுந்து நின்றன.

மறுநாள் காலை இன்னொன்றும் நடந்தது. வயலில் விட்ட என் ஷூ வாசற்படியில் இருந்தது. உள்ளே வைக்கோல் அடைத்து, ஈரம் உலர்த்தி வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் எடுத்து வந்தார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் எங்கே விட்டாய் என்பார். அதனால் கேட்கவில்லை.

இருபது நாள் கழித்து நில்ஸா தட்டோடு வந்தாள். வேகவைத்த கீரை, மேலே உப்பும் வெண்ணெயும். துண்டுப் மாமாவையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். தட்டு நிறையத்தான் இருந்தது. ஒரு வாய் வைத்தேன். இனித்தது.

"சக்கர போட்டியா?"

"குளிர்ல அடிபட்ட கீரை அப்படித்தான்க்கா இனிக்கும்."

"சோரோலு, தட்டக் காலி பண்ணிட்ட. கூடைய எப்பக் குடுப்ப?" என்றார் மாமா.

"சாகா அன்னிக்கு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

ஏப்ரலில் நாள் வந்தது. ஜோசியர் பூஜையை முடித்தார். துண்டுப் மாமா, யாக்கும் பசுவும் கலந்து பிறந்த சோ மாடுகளின் கொம்பில் வெண்ணெய் தடவி, ஏர்ப்பாட்டை எடுத்தார். ஊர் வரிசையாக நின்றது. கூடை என் இடுப்பில் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் சுமந்த கனம். நேராக நில்ஸாவிடம் போனேன். கொடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நில்ஸா, அன்னிக்கு நான் மறக்கல. நிழலு கல்லத் தொட்டதப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். வேணும்னுதான் வரல."

அவள் முகம் மாறவில்லை.

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"மறுநாள் காலையில வயல் வழியாத்தானே வந்தேன். கோம்பாவுலேர்ந்து குழி வரைக்கும் தடம் இருந்துச்சு. ஆட்டத்துல மறந்தவங்க அது முடிஞ்சு பாதையில நடந்து வருவாங்க, மாடியிலேர்ந்து கல்லும் நல்லாத் தெரியும். இது மனசு உறுத்தி ஓடி வந்த தடம். பாதி தூரம் வரைக்கும் ரெண்டு ஷூ, அதுக்கப்புறம் ஒரு ஷூ, ஒரு வெறும் சாக்ஸ்." குனிந்து என் காலைப் பார்த்தாள். "வைக்கோல் அடைச்சுக் காயவச்சேன். சரியாக் காஞ்சிருந்துச்சா?"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் வாய்க்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. கூடையை அவள் இடுப்பில் வைத்தேன். அவள் ஒரு கை கூடையைப் பிடித்தது. இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது, அவ்வளவு சூடான கை.

"சோரோலு, மாடு நிக்காது" என்று கத்தினார் மாமா.

நில்ஸா சாலில் இறங்கினாள். விதையை எங்களைப் போல வீசவில்லை. மந்தைக்கு உப்புப் போடுகிற மாதிரி, குனிந்து, ஒவ்வொரு பிடியாக, யாருக்கும் விட்டுப்போகாமல் போட்டுக்கொண்டே போனாள். ஊர் மூச்சுவிடாமல் அவள் கையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அந்த வருஷம் பார்லி எப்படி விளைந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான், எல்லா வருஷமும் போலத்தான் விளைந்தது.

இப்போது என் வீட்டுப் பின்னாலும் ஒரு குழி இருக்கிறது. தோண்டிக் கொடுத்தவள் அவள்தான். குளிர்காலத்தில் எங்கே உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டிருந்தாலும், மலை நிழல் இறங்கும் நேரம் எழுந்துவிடுகிறேன். முதலில் அவள் குழியை மூடிவிட்டு, பிறகுதான் என்னுடையதை மூடுகிறேன்.